ஒரே படத்தில் இரண்டு படம்!

சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போயிருக்கிறீர்களா?

தாம்பரத்தில் மின்சார ரெயில் ஏறினால் மறைமலைநகரை அடுத்து வரும் ஊர். ஜி.எஸ்.டி. ரோட்டில் போகிறவர்களுக்கும் தெரியும். ஒரகடம் போகும் சாலை இங்கேதான் பிரிகிறது.

ஊருக்குப் பெயர் கொடுத்த பெருமாள் ஒரு சிறு குன்றில் இருக்கிறார். பல்லவர் காலத்தில் பாறையைக் குடைந்து செய்த கோவில் அது. சன்னதியைச் சுற்ற வேண்டும் என்றால் குன்றையே சுற்றி வரவேண்டும். உள்ளே நரசிம்மர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு நெற்றியில் மூன்றாவது கண் உண்டு.

ஆனால் அந்தக் கண் எப்போதும் தெரியாது. நாமம் அதை மறைத்திருக்கும். அர்ச்சகர் தீபம் காட்டும்போது நாமத்தை லேசாகத் தூக்கிக் காட்டுவார். "அதோ! அதோ!" என்று கூட்டம் எம்பிப் பார்க்கும். கண் இமைக்கும் நேரத்தில் இரண்டு தரிசனம்!

இனி, கோவில் வாசல்களில் உள்ள படக் கடைகளுக்கு வருவோம்.

அங்கே ஒரு வகைப் படம் தொங்கும். இந்தப் பக்கம் நின்று பார்த்தால் முருகன். இரண்டடி நகர்ந்து பார்த்தால் பிள்ளையார்! இன்னொரு வகையும் உண்டு. சாமி முன்னால் நிற்பார். அவருக்குப் பின்னால் இரண்டு முழ ஆழத்தில் கோபுரம் தெரியும். கையை நீட்டித் தொட்டால் வெறும் தகடு!

குழந்தைகள் இதை விட்டு நகரமாட்டார்கள். பெரியவர்களும் அப்படித்தான், ஆனால் வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

இந்த மாய வித்தைக்குப் பெயர் "லென்டிகுலர்" அச்சு. வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் அர்த்தம் நம் சமையல் அறையில் இருக்கிறது. லத்தீன் மொழியில் "லென்ஸ்" என்றால் மைசூர்ப் பருப்பு! நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்து இருக்கிறது அல்லவா பருப்பு? பூதக்கண்ணாடியும் அதே வடிவம். அதனால் கண்ணாடிக்குப் பருப்பின் பெயரையே வைத்துவிட்டார்கள். "லென்டிகுலர்" என்றால் பருப்பு வடிவமானது என்று பொருள்.

கதம்பம் தொடுப்பது போல

அந்தப் படத்தின் மேல் விரல் நகத்தால் உரசிப் பாருங்கள். "கர்ர்" என்று சத்தம் வரும். காரணம், அதன் மேல்பக்கம் வழவழப்பாக இல்லை. கூரைக்குப் போடும் நெளித் தகரம் போல வரிவரியாக இருக்கிறது. அந்த வரி ஒவ்வொன்றும் ஒரு லென்ஸ். ஒல்லியான, நீளமான லென்ஸ். ஒரு அங்குல அகலத்தில் 75 லென்ஸ் இருக்கும் தகடுகள் உண்டு. அதைவிட நெருக்கமாகவும் உண்டு, அகலமாகவும் உண்டு.

அடியில் இருக்கும் படத்தில்தான் சூட்சுமம்.

முருகன் படத்தை நாடா நாடாவாக நறுக்குங்கள். பிள்ளையார் படத்தையும் அப்படியே நறுக்குங்கள். முருகனில் ஒரு நாடா, பக்கத்தில் பிள்ளையாரில் ஒரு நாடா, அடுத்து மறுபடி முருகன் என்று மாற்றி மாற்றி ஒட்டுங்கள். மல்லியும் மரிக்கொழுந்தும் மாற்றி மாற்றிக் கதம்பம் தொடுப்பது போல! இப்போது ஒவ்வொரு ஜோடி நாடாவின் மேலும் ஒரு லென்ஸ் உட்கார்ந்திருக்கிறது.

லென்ஸ் என்ன செய்யும்? இடது பக்கம் நிற்பவருக்கு ஒரு நாடாவை மட்டும் பெரிதாக்கிக் காட்டும். வலது பக்கம் நிற்பவருக்கு மற்ற நாடாவைக் காட்டும். எல்லா லென்ஸும் சேர்ந்து இப்படிச் செய்வதால் ஒருவருக்கு முழு முருகன். மற்றவருக்கு முழுப் பிள்ளையார். அவ்வளவுதான் ரகசியம்.

சரி, ஆழம் எப்படித் தெரிகிறது?

இதற்கு உங்கள் ஆள்காட்டி விரல் போதும். அதை முகத்துக்கு நேரே ஒரு சாண் தூரத்தில் பிடியுங்கள். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மற்றக் கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இங்கும் அங்கும் குதிக்கிறது! நம் இரண்டு கண்களும் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் தள்ளி இருக்கின்றன. ஆகவே இரண்டும் காண்பது ஒரே காட்சி அல்ல. சற்றே வேறுபட்ட இரண்டு காட்சிகள். மூளை இரண்டையும் சேர்த்து, "இது பக்கம், அது தூரம்" என்று கணக்குப் போட்டுக் கொள்கிறது.

1838-ம் ஆண்டில் இதை விளக்கிக் காட்டியவர் சார்லஸ் வீட்ஸ்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி. இரண்டு கண்ணாடிகளை வைத்து, இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்கு ஒரு படம் என்று தனித்தனியே காட்டினார். தட்டையான கோட்டுப் படம் கட்டிடம் போல எழுந்து நின்றது!

1984-ல் "மை டியர் குட்டிச்சாத்தான்" படம் வந்தபோது தியேட்டரில் கண்ணாடி கொடுத்தார்கள், நினைவிருக்கிறதா? இடது, வலது கண்களுக்கு வேறு வேறு படம் போகச் செய்வதுதான் அந்தக் கண்ணாடியின் வேலை. அந்தக் கண்ணாடியை ஆளுக்கு மாட்டாமல் படத்துக்கே மாட்டிவிட்டால்? அதுதான் லென்டிகுலர்!

வீட்டில் இப்படிப் படம் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். ஆழம் காட்டும் படத்தில் வரிகள் மேலிருந்து கீழாக நிற்கும். அப்போதுதான் இரண்டு கண்களுக்கும் வேறு வேறு நாடா தெரியும். அதையே பக்கவாட்டில் திருப்பிப் பிடியுங்கள். ஆழம் ஓடிப் போய்விடும். கையில் வைத்து மேலும் கீழும் சாய்த்தால் கண்ணடிக்கும் படங்களில் வரிகள் படுக்கையாக இருக்கும். இரண்டு கண்களும் ஒரே சமயத்தில் ஒரே படத்தைப் பார்க்கவேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு.

ஒரு உருவத்துக்குள் இரண்டு உருவத்தை வைக்கும் ஆசை நமக்குப் புதிது அல்ல. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் தாராசுரம் கோவில் இருக்கிறது. இரண்டாம் ராஜராஜ சோழன் 12-ம் நூற்றாண்டில் கட்டியது. அங்கே ஒரு சிற்பம். தலை ஒன்று, உடல் இரண்டு. ஒரு உடலைக் கையால் மறைத்தால் காளை. மற்ற உடலை மறைத்தால் யானை! லென்ஸ் இல்லை, தகடு இல்லை. உளி ஒன்றுதான்.

மூன்று பேர்

அச்சுப் படத்துக்கு வருவோம். அமெரிக்காவில் பிரடெரிக் ஐவ்ஸ் என்று ஒருவர் இருந்தார். நாடா நாடாவாக நறுக்கிய படத்துக்கு முன்னால் மெல்லிய கோடுகள் போட்ட ஒரு திரையை வைத்தார். ஜன்னல் கம்பிகள் போலக் கோடுகள் மறைப்பதால் ஒவ்வொரு கண்ணுக்கும் வேறு நாடா தெரிந்தது. 1903-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் கோடுகள் பாதி வெளிச்சத்தைத் தின்றுவிட்டன. படம் மங்கலாக இருந்தது.

1908-ல் பிரான்சு நாட்டு விஞ்ஞானி காபிரியேல் லிப்மன் ஒரு யோசனை சொன்னார். ஈயின் கண்ணில் எத்தனையோ சிறு கண்கள் இருப்பது போல, படத்தின் மேல் ஏராளமான குட்டி லென்ஸுகளைப் பதிக்கலாம் என்றார். அதே 1908-ம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதற்கு அல்ல, கலர் போட்டோ எடுக்கும் ஒரு முறையைக் கண்டுபிடித்ததற்கு!

குட்டி லென்ஸுகளைச் செய்வது லேசான வேலையா? அதைச் சுலபமாக்கியவர் சுவிட்சர்லாந்துக்காரரான வால்ட்டர் ஹெஸ். வட்ட லென்ஸ் வேண்டாம், நீள வரிகளே போதும் என்றார். 1912-ல் காப்புரிமைக்கு மனுச் செய்தார். இன்று கடையில் தொங்கும் முருகன் படத்துக்கு மூலம் அதுதான். ஹெஸ் அச்சுக்கூடம் நடத்தியவர் அல்ல. அவர் ஒரு கண் டாக்டர்! பிற்பாடு மூளையைப் பற்றி ஆராய்ந்து, 1949-ல் அவரும் நோபல் பரிசு வாங்கினார்.

இந்தக் கண் டாக்டரை மறந்துவிடாதீர்கள். இவரிடம் மறுபடியும் வருவோம்.

ஐசனோவர் பேட்ஜ்

வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? "நின்று பார்க்க வைக்கும் படம்" என்றால் விளம்பரக்காரர்களுக்குச் சர்க்கரைப் பொங்கல் அல்லவா!

முதலில் பிடித்துக்கொண்டவர்கள் அரசியல்வாதிகள். 1952-ல் அமெரிக்க ஜனாதிபதி தேர்தல். ஐசனோவர் நின்றார். அவருடைய ஆதரவாளர்கள் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ் வந்தது. ஒரு பக்கம் சாய்த்தால் "எனக்கு ஐக்கைப் பிடிக்கும்" என்ற வாசகம். மறுபக்கம் சாய்த்தால் ஐசனோவரின் முகம்! "ஐக்" என்பது அவருடைய செல்லப் பெயர். விக்டர் ஆண்டர்சன் என்பவரின் கம்பெனி இதைச் செய்தது. நம் ஊரில் இப்படி ஒரு பேட்ஜ் வந்தால், ஒரு பக்கம் ஒரு கட்சி, மறுபக்கம் இன்னொரு கட்சி என்று போட்டுக்கொள்ளச் சிலருக்கு வசதியாக இருக்கும்!

1960-ல் ஜப்பானில் ஒரு பொம்மை பைத்தியம் பிடித்தது. கையைக் கட்டிப்பிடித்துத் தொங்கும் காற்றடித்த பொம்மை. அதன் கண்ணில் லென்டிகுலர் தகடு. ஆட்டினால் கண்ணடிக்கும். பெண்கள் அதைக் கையில் மாட்டிக்கொண்டு தெருவில் போனார்கள்.

1964-ல் "லுக்" என்ற அமெரிக்கப் பத்திரிகை தன் பிரதிகளுக்குள் ஒரு ஆழப் படத்தை வைத்துக் கொடுத்தது. பல்பு கண்டுபிடித்த எடிசனின் சிலை அது. சுற்றிலும் அவருடைய கண்டுபிடிப்புகள். வாசகர்கள் படத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். ஒரு பத்திரிகை லட்சக்கணக்கான பேருக்கு இதைக் கொடுக்க முடியும் என்று தெரிந்துவிட்டது. சில வாரங்களில் அதே முறையில் கலர் விளம்பரமும் வந்தது.

இந்தக் கதையில் நம் பக்கத்து வீட்டுக்காரருக்கும் இடம் உண்டு. இமயமலையில் இருக்கும் பூட்டான்! சிறிய நாடு. வருமானம் குறைவு. விதவிதமான தபால் தலைகளை வெளியிட்டு உலகத்துச் சேகரிப்பாளர்களுக்கு விற்கலாம் என்று பர்ட் டாட் என்ற அமெரிக்க நண்பர் யோசனை சொன்னார். 1967-ல் லென்டிகுலர் தபால் தலைகள் வந்தன. படம், விண்வெளி வீரர்கள். மனிதன் சந்திரனில் கால் வைப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, பூட்டான் தபால் தலையில் விண்வெளி வீரன் ஆழமான வானத்தில் மிதந்தான்! உலகத்திலேயே முதல் லென்டிகுலர் தபால் தலைகள் இவைதான்.

அமெரிக்காவின் 100 டாலர் நோட்டில் 2013 முதல் நீல நிறப் பட்டை ஒன்று இருக்கிறது. நோட்டை ஆட்டினால் பட்டைக்குள் மணிகள் 100 என்ற எண்ணாக மாறும். அதிலும் லட்சக்கணக்கான மிக நுண்ணிய லென்ஸுகள். நம் 500 ரூபாய் நோட்டைச் சாய்த்தால் நூல் பச்சையில் இருந்து நீலமாகிறதே, அது வேறு வித்தை. அதில் வண்ணம்தான் மாறும், படம் மாறாது.

தலைமுடியில் பாதி

இதை அச்சிடுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

ஒரு அங்குலத்தில் 75 லென்ஸ் என்றால், ஒரு லென்ஸின் அகலம் மில்லி மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. அதற்கு அடியில் இரண்டு நாடா மட்டும் அல்ல, நல்ல ஆழப் படமாக இருந்தால் 12 நாடாக்கள் கூட இருக்கும். அப்படியானால் ஒரு நாடாவின் அகலம்? நம் தலைமுடியின் பருமனில் பாதி கூட இல்லை! நான்கு கலரும் அந்த நாடாவுக்குள் பிசகாமல் உட்காரவேண்டும். துளி விலகினால் முருகனுக்குத் தும்பிக்கை முளைத்துவிடும். இந்தத் தொழிலில் அதைப் "பேய்" என்கிறார்கள். ஒரு படத்தின் ஆவி இன்னொரு படத்தில் தெரிவதால் அந்தப் பெயர்.

முன்பு படத்தை அச்சடித்துவிட்டு, அதன் மேல் பிளாஸ்டிக்கைப் பூசி வரி வரியாக அழுத்தினார்கள். இப்போது தகட்டின் வழவழப்பான பின்பக்கத்திலேயே நேராக அச்சடிக்கிறார்கள். கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாற்றி அடிக்கவேண்டும். பிளாஸ்டிக் மையை உறிஞ்சாது. ஆகவே புற ஊதா விளக்கைக் காட்டி மையை உடனே உலர வைக்கிறார்கள். கடைசியில் பின்னால் வெள்ளை பூசுவார்கள்.

நறுக்குவது கத்திரிக்கோல் அல்ல, கம்ப்யூட்டர். ஆனால் கம்ப்யூட்டருக்கும் முதலில் தகட்டை அளந்து சொல்லவேண்டும். "75 வரி" என்று விற்கும் தகட்டில் உண்மையில் 75-க்கு ஒரு துளி கூடவோ குறைவாகவோ இருக்கும். சோதனைக் கோடுகளை அச்சடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துச் சரியான கணக்கைக் கண்டுபிடிப்பார்கள். வெயில் பட்டால் பிளாஸ்டிக் விரியும். கணக்கு மாறிவிடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இந்த வேலை செய்ய முடியாது.

அரை வினாடி

இந்தப் படத்தை ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்தில் பிரமாண்டமாக வைத்தால் எப்படி இருக்கும் என்று ஒரு விளம்பரக்காரர் கனவு காணலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சாதாரணமாக இந்தத் தகட்டின் காட்சிகள் எல்லாம் சுமார் 45 டிகிரி கோணத்துக்குள் முடிந்துவிடும். பலகை சாலையைப் பார்த்தபடி 10 மீட்டர் தள்ளி இருக்கட்டும். அந்தக் கோணம் சாலையில் 8 மீட்டர் தூரத்துக்குத்தான் வரும். பஸ் மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் போனால் ஒரு வினாடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடும். ஆக, படம் முழுவதும் அரை வினாடியில் முடிந்துவிடும்! பயணிக்கு ஒன்றும் புரியாது. டிரைவர் பார்க்க முயன்றாலோ வினை.

சாலையோர விளம்பரம் விளையாட்டு அல்ல என்பதைத் தென்சென்னைப் புறநகர் மக்களுக்குச் சொல்லத் தேவை இல்லை. 2019-ம் ஆண்டு செப்டம்பர் 12-ந்தேதி. பள்ளிக்கரணையில் ஒரு இளம்பெண் ஸ்கூட்டரில் வந்தார். வயது 23. என்ஜினீயர். சாலை நடுவில் கல்யாணத்துக்காக வைத்த பேனர் அவர் மேல் விழுந்தது. அவர் சாய்ந்தார். பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறிவிட்டது. சென்னை ஐகோர்ட்டு அதிகாரிகளைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தப் பேனரில் லென்ஸும் இல்லை, மாயமும் இல்லை. வெறும் அச்சுப் படம்தான்.

ஆகவே என் அபிப்பிராயம், இந்த வித்தைக்கு நெடுஞ்சாலை ஏற்ற இடம் அல்ல. ரெயில்வே பிளாட்பாரம் நல்ல இடம். பஸ் நிறுத்தம் நல்ல இடம். அங்கே மனிதர்கள் நடக்கிறார்கள், நிற்கிறார்கள், வண்டி வரும்வரை வேறு வேலையும் இல்லை.

ஸ்பெயின் நாட்டில் 2013-ல் அப்படித்தான் ஒரு விளம்பரம் வைத்தார்கள். "அனார்" என்ற குழந்தைகள் நலச் சங்கம் வைத்தது. அதில் ஒரு சிறுவனின் முகம். பெரியவர்கள் தங்கள் உயரத்தில் இருந்து பார்த்தால் சாதாரண முகம். சுமார் நாலரை அடிக்குக் குறைவான உயரத்தில் இருந்து பார்த்தால் அதே முகத்தில் அடிபட்ட காயம்! பக்கத்தில், உன்னை யாராவது துன்புறுத்தினால் எங்களைக் கூப்பிடு என்ற செய்தி. கூடவே டெலிபோன் எண். அடிக்கிறவர் பக்கத்திலேயே நின்றாலும் அவர் கண்ணுக்கு அந்த எண் தெரியாது. குழந்தைக்கு மட்டும் தெரியும்!

உலகம் எங்கும் பத்திரிகைகள் இதைப் புகழ்ந்து எழுதின. அத்தனை பேர் எழுதிய பிறகு, அடிக்கிறவருக்கும் குனிந்து பார்க்கத் தெரிந்திருக்கும் என்பது வேறு விஷயம். ஆனாலும் சோப்பு விற்கவும் குளிர்பானம் விற்கவும் பயன்பட்ட ஒரு தந்திரத்தை, பேச முடியாத குழந்தையிடம் ரகசியமாகப் பேசப் பயன்படுத்தினார்களே, அது பெரிய காரியம். நம் நாட்டில் குழந்தைகள் உதவிக்குக் கூப்பிட வேண்டிய எண் 1098. காசு கிடையாது. 1996-ல் பம்பாயில் தொடங்கிய சேவை அது.

டாக்டர் கையில்

இப்போது கண் டாக்டர் ஹெஸ்ஸிடம் திரும்புவோம்.

சில குழந்தைகளுக்கு ஒரு கண் மட்டும் நன்றாக வேலை செய்யும். மற்றது சோம்பிக் கிடக்கும். மாறுகண் இருந்தாலும், ஒரு கண்ணுக்கு மட்டும் பவர் மிகவும் அதிகமாக இருந்தாலும் இப்படி ஆகலாம். மூளை அந்தக் கண்ணின் காட்சியை ஒதுக்கிவிடும். இதற்குச் "சோம்பல் கண்" என்று பெயர். குழந்தை இதைப் பற்றிப் புகார் சொல்லாது. பிறந்தது முதல் அப்படியே பார்த்துப் பழகியதால், உலகமே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க டாக்டர்கள் கையில் ஒரு சிறு அட்டை இருக்கிறது. சுவிட்சர்லாந்து கண் டாக்டர் லாங் செய்தது. மேலே பார்த்தால் வெறும் புள்ளிகள். ஆனால் அதன் மேல் ஹெஸ் சொன்ன அதே வரி லென்ஸுகள்! இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்யும் குழந்தைக்கு, புள்ளிகளுக்கு நடுவே ஒரு பூனையும் நட்சத்திரமும் காரும் எழும்பித் தெரியும். கண்ணாடி மாட்டவேண்டாம். எழுத்துத் தெரியவேண்டாம். பேச்சு வராத குழந்தை விரலை நீட்டினால் போதும். ஒரு கண் சோம்பிக் கிடந்தால் வெறும் புள்ளிகள் மட்டுமே தெரியக்கூடும்.

கோவில் கடையில் எல்லாப் பிள்ளைகளும், "ஆகா, கோபுரம் உள்ளே இருக்கிறது!" என்று கூவும்போது, உங்கள் பிள்ளை மட்டும், "எங்கே? எனக்குத் தெரியவில்லையே" என்று சொன்னால் அதட்டாதீர்கள். மட்டமான அச்சாக இருக்கலாம். நின்ற இடம் சரி இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சோம்பல் கண்ணைச் சிறு வயதிலேயே கண்டுபிடித்தால், நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிக் கட்டி, சோம்பிய கண்ணை வேலை வாங்கியே சரிப்படுத்துகிறார்கள். வயது ஏற ஏற அது கடினம்.

சிங்கப்பெருமாள் கோவிலில் கடற்கரை போகும் மின்சார ரெயிலில் ஏறினால் எழும்பூரில் இறங்கலாம். 1819-ல் தொடங்கிய அரசாங்கக் கண் ஆஸ்பத்திரி எழும்பூரில்தான் இருக்கிறது.